சாரம் சரிந்தால் யார் பொறுப்பு?

இராஜாக்கமங்கலம் கடலோர ஊர். நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே இருக்கிறது. தென்னந்தோப்புகளும் கடற்காற்றும் நிறைந்த ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுதான்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் இங்கே இருக்கிறது. பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையிடம் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டி. கடலைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் கடற்கரைக்கு வரத்தானே வேண்டும்? அதற்காகவே இந்த மையம்.

கல்விக்கூடம் என்றதும் பேராசிரியர்களும் மாணவ-மாணவிகளும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அவர்களால் மட்டும் ஒரு கல்விக்கூடம் நடந்துவிடாது. கட்டடம் கட்டக் கொத்தனார் வேண்டும். கம்பி இழுக்க மின் பணியாளர் வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வேண்டும். வாசலில் காவலாளி வேண்டும். உணவு விடுதியில் சமையல்காரர் வேண்டும். கருவிகளை ஏற்றிவர லாரி வேண்டும். கடலுக்குள் போய்வரப் படகு வேண்டும்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைப் பல்கலைக்கழகங்கள் காண்டிராக்டர்களிடம் ஒப்படைக்கின்றன. வேலை தொடங்குமுன் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகிறது. அந்தப் பத்திரத்தில் "இன்னின்ன இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்" என்று ஒரு பகுதி இருக்கும்.

பலர் அதைப் படிப்பதே இல்லை. "பில் பாஸ் ஆவதற்கு ஒரு காகிதம் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டால் போயிற்று" என்று நினைக்கிறார்கள். ஏதோ ஒரு பாலிசியை வாங்கி, நகல் எடுத்து, பைலில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆனால் அது பைலில் தூங்க வேண்டிய காகிதம் அல்ல. சாரத்தில் ஏறி நிற்கும் ஒரு மனிதனின் குடும்பம் நாளைக்கு உலை வைக்குமா, வைக்காதா என்பதை அந்தக் காகிதமே முடிவு செய்கிறது.

நடந்தவை

2012 ஆகஸ்டு மாதம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உள்விளையாட்டு அரங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது இடிந்து விழுந்தது. 10 தொழிலாளர்கள் இறந்தனர். எல்லோரும் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

2014 ஜூன் 28-ல் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் உயிரிழந்தனர்.

இவை நாடே பேசிய பெரும் விபத்துகள். பேசப்படாத சிறு விபத்துகளும் உண்டு. சாரக் கயிறு அறுந்து ஒருவர் விழுவார். வார்ப்புக்கு அடித்த முட்டு நழுவும். மின் கம்பி பட்டு ஒருவர் சுருண்டு விழுவார். மறுநாள் பத்திரிகையின் ஓரத்தில் நாலு வரி வரும். அதற்கு மேல் உலகம் அதை நினைப்பதில்லை.

ஆனால் அந்த வீட்டில் அன்றிலிருந்துதான் கஷ்டம் தொடங்குகிறது. பள்ளிக்கூடக் கட்டணம் யார் கட்டுவது? வட்டிக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது?

காண்டிராக்டர் நல்லவராக இருக்கலாம். கையிலிருந்து ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுக்கலாம். ஆனால் சட்டப்படி வரவேண்டிய தொகை அதைவிடப் பல மடங்கு. அந்தத் தொகையைச் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கச் சிறிய காண்டிராக்டரால் முடியாது. வீட்டை விற்றாலும் முடியாது. இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டிய இடம் இதுதான்.

பல்கலைக்கழகம் ஏன் கேட்கிறது?

"வேலை செய்பவர் காண்டிராக்டர். ஆள் அவருடைய ஆள். விபத்து நடந்தால் அவர் பாடு. பல்கலைக்கழகத்துக்கு என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. ஒருவர் தம் வேலையைக் காண்டிராக்டர் மூலம் செய்வித்தாலும், அங்கே அடிபட்ட தொழிலாளி வேலை கொடுத்த மூல நிறுவனத்திடமே நஷ்ட ஈடு கேட்க வழி இருக்கிறது. கொடுத்த பணத்தை அந்த நிறுவனம் பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஏழைத் தொழிலாளி, ஓடிப்போன காண்டிராக்டரைத் தேடி அலையக்கூடாது என்பதே இதன் கருத்து.

பல்கலைக்கழகத்தின் பணம் பொதுமக்களின் வரிப்பணம். மாணவர்கள் கட்டிய கட்டணம். அதிலிருந்து நஷ்ட ஈடு கொடுக்கும் நிலை வரக்கூடாது அல்லவா? அதனால்தான் பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே பாலிசி கேட்கின்றன. அதில் காண்டிராக்டரின் பெயரோடு தம் பெயரையும் சேர்க்கச் சொல்வதும் உண்டு.

இது இங்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்ஷூரன்ஸ் சான்றிதழைக் காட்டாமல் காண்டிராக்டர் வேலை தொடங்க முடியாது. ஒரு விபத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை ஈடு கிடைக்கும் பாலிசி வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன.

முதலாவது: தொழிலாளிக்கு

எல்லாவற்றிலும் முக்கியமானது தொழிலாளர் நஷ்ட ஈட்டு இன்ஷூரன்ஸ்.

வேலையில் அடிபட்டவனுக்கு ஈடு கொடுப்பது தர்மம் அல்ல, கடமை என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஜெர்மனி 1884-ல் இதற்குச் சட்டம் செய்தது. பிரிட்டன் 1897-ல் செய்தது. இந்தியாவில் 1923-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உட்பட 9 சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 2020-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

ஈட்டுத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வழி மிகவும் எளிது.

ஒரு கொத்தனாருக்கு வயது 30. கணக்கில் எடுக்கும் மாதக் கூலி 15,000 ரூபாய். அவர் வேலைத்தளத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். கூலியில் பாதி 7,500 ரூபாய். ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தின் அட்டவணையில் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். 30 வயதுக்கு அந்த எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் வருவது 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய்.

அதே கூலி வாங்கும் 50 வயதுக்காரர் என்றால் எண் 153.09. தொகை 11 லட்சத்து 48 ஆயிரத்து 175 ரூபாய். இளைஞன் இறந்தால் குடும்பம் இழக்கும் உழைப்பு ஆண்டுகள் அதிகம். அதனால் தொகையும் அதிகம்.

உயிர் பிழைத்தும் இனி எந்த வேலையும் செய்ய முடியாமல் படுத்துவிட்டால், கூலியில் பாதிக்குப் பதில் நூற்றுக்கு 60 பங்கை எடுத்துப் பெருக்க வேண்டும். மேலே சொன்ன 30 வயதுக் கொத்தனாருக்கு அது 18 லட்சத்து 71 ஆயிரத்து 820 ரூபாய் ஆகிறது.

இதைக் கொடுக்கத் தாமதித்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால், தொகையில் பாதி வரை அபராதம். இந்த அபராதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்பதில்லை. காண்டிராக்டர்தான் கட்ட வேண்டும்.

இன்னும் சில செய்திகளைத் தொழிலாளர் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

"அடிபட்டால் எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது.

இறந்தவருக்கான தொகையைக் காண்டிராக்டர் நேரடியாக வீட்டில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. அதற்குரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர்தான் மனைவிக்கும் மக்களுக்கும் பெற்றோருக்கும் பிரித்துக் கொடுப்பார்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ நேரும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

காவல், துப்புரவு, உணவு விடுதி போன்ற வேலைகளில் ஆண்டு முழுவதும் ஒரே ஆட்கள் இருப்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு.

2019 ஜூலை முதல் இதற்கு முதலாளி கட்டுவது சம்பளத்தில் நூற்றுக்கு 3.25 பங்கு. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 பங்கு. இரண்டும் சேர்ந்து 4.

இ.எஸ்.ஐ. இருந்தால் மருத்துவம் கிடைக்கும். வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். ஒரே விபத்துக்கு இ.எஸ்.ஐ.யிலும் நஷ்ட ஈட்டிலும் இரண்டு முறை வாங்க முடியாது. ஆகவே யாருக்கு இ.எஸ்.ஐ., யாருக்குத் தனிப் பாலிசி என்று காண்டிராக்டர் ஆள்வாரியாகப் பிரித்து எழுதிவைக்க வேண்டும். இரண்டிலும் சேராமல் ஒருவர் விடுபட்டுப்போவதுதான் ஆபத்து.

இரண்டாவது: வேலைக்கு

கட்டிக்கொண்டிருக்கும் சுவர் மழையில் சாய்ந்தால் என்ன செய்வது? அடுக்கிவைத்த கம்பி திருட்டுப் போனால் என்ன செய்வது? இதற்கு "காண்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ்" என்று ஒரு பாலிசி இருக்கிறது. கட்டட வேலையில் நேரக்கூடிய பலவகை ஆபத்துகளையும் ஒன்றாகச் சேர்த்த பாலிசி இது. தீ, புயல், வெள்ளம், திருட்டு, இடிந்து விழுதல் ஆகியவை இதில் அடங்கும்.

கடலோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி, இராஜாக்கமங்கலத்துக்குக் கிழக்கே மணக்குடியில் இருந்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மரங்களும் மின் கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. அரைகுறையாக எழும்பிய சுவர் எம்மாத்திரம்? பூகம்பமும் சுனாமியும் பாலிசியில் சேர்ந்திருக்கின்றனவா என்று தனியே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாலிசியில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிரீமியத்தைக் குறைப்பதற்காக வேலையின் மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறார்கள்.

வேலை ஒரு கோடி ரூபாய்க்கு. பாலிசியோ 60 லட்சத்துக்கு. புயலில் 10 லட்சம் ரூபாய் நஷ்டம். "60 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 10 லட்சமும் கிடைக்கும்" என்று காண்டிராக்டர் நினைக்கிறார். கிடைக்காது. நூற்றுக்கு 60 பங்குக்குத்தான் அவர் பாலிசி எடுத்திருக்கிறார். ஆகவே நஷ்டத்திலும் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 6 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் ஒவ்வொரு நஷ்டத்திலும் காண்டிராக்டரே ஏற்க வேண்டிய முதல் பகுதி ஒன்று பாலிசியில் எழுதியிருக்கும். அதையும் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்கும் என்றும் எண்ணிவிடக்கூடாது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் அதற்கு ஈடு இல்லை. வேண்டுமென்றே செய்த தவறுக்கு ஈடு இல்லை. வேலையை நிறுத்திவிட்டுப் போன காலத்தில் நேர்ந்த நஷ்டத்துக்கும் ஈடு கேட்பது கடினம்.

மூன்றாவது: வழியே போகிறவர்களுக்கு

கல்விக்கூடம் என்றால் மாணவர்கள் நடமாடுவார்கள். பெற்றோர் வருவார்கள். மாடியிலிருந்து ஒரு செங்கல் விழுந்து ஒரு மாணவியின் தலையில் பட்டால்? பள்ளம் தோண்டும்போது அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவர் சாய்ந்தால்?

இவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள் அல்ல. ஆகவே தொழிலாளர் பாலிசியில் இவர்களுக்கு இடம் இல்லை. இவர்களுக்காக எடுப்பது மூன்றாம் நபர் பொறுப்பு இன்ஷூரன்ஸ். "ஆல் ரிஸ்க்ஸ்" பாலிசியின் இரண்டாம் பகுதியாகவே இதைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டட வேலை அல்லாத காண்டிராக்டர்கள் தனியாக எடுக்கலாம்.

உணவு விடுதி நடத்துகிறவருக்கும் இது தேவை. ஒருநாள் சாப்பாடு கெட்டுப்போய் ஐம்பது மாணவர்கள் மருத்துவமனையில் படுத்தால், கேள்வி அவரிடம்தான் வரும்.

அமிலம், விஷ வாயு போன்ற அபாயப் பொருள்களைக் கையாளுகிறவர்களுக்கு 1991-ல் தனிச் சட்டமே வந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட கொடுமைக்குப் பின் பிறந்த சட்டம் அது. குறித்த அளவுக்கு மேல் அபாயப் பொருள் வைத்திருப்பவர் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். யார் மீது தவறு என்று நிரூபிக்கும் வரை காத்திராமல், பாதிக்கப்பட்டவர்களுக்கு முதல் உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

நான்காவது: வண்டிக்கு

லாரி, வேன், மண் அள்ளும் இயந்திரம் எதுவானாலும், சாலைக்கு வரும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். இது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. பாலிசி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். அடுத்த தடவை அபராதம் 4,000 ரூபாய்.

வாடகைக்குப் பிடித்த வண்டி என்றாலும் பாலிசி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று காண்டிராக்டர் பார்க்க வேண்டும். படகு என்றால் படகுக்கும், அதில் போகும் ஆட்களுக்கும் தனித்தனியே காப்பு வேண்டும். கரையில் எடுத்த பாலிசி கடலுக்குள் செல்லுமா என்று கேட்காமல் படகை அவிழ்க்கக்கூடாது.

மற்றவை

கட்டட வரைபடம் போடுகிற பொறியாளரின் கணக்குத் தப்பினால் கட்டடமே கெட்டுவிடும். தேர்வு மதிப்பெண் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கம்பெனி பிழை செய்தால் ஆயிரம் மாணவர்களின் வாழ்வு தடுமாறும். இப்படி அறிவை விற்கிற தொழில்களுக்குத் தொழில்முறைப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

பணமும் பொருளும் கையாளும் ஆட்களை அனுப்புகிறவர்களுக்கு நாணய உத்தரவாதப் பாலிசி இருக்கிறது. அவருடைய ஆளே கையாடல் செய்துவிட்டால் அந்த நஷ்டத்துக்கு அது ஈடு கொடுக்கும். விலை உயர்ந்த ஆராய்ச்சிக் கருவியைக் கொண்டுவந்து பொருத்துகிறவர்களுக்கு, வழியிலும் பொருத்தும்போதும் சேதம் ஆகாமல் காக்கும் பாலிசிகள் இருக்கின்றன.

டெண்டரில் ஜாமீன் தொகைக்குப் பாங்கி உத்தரவாதம் கேட்பார்கள். அதற்காகச் சிறு காண்டிராக்டரின் முதல் பாங்கியில் முடங்கிவிடும். 2022 ஏப்ரல் முதல், பாங்கிக்குப் பதில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே ஜாமீன் பத்திரம் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். டெண்டர் விதி அதை ஏற்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

காகிதம் இருந்தும் பணம் இல்லை

பாலிசி எடுத்தும் பணம் வராமல் போவது உண்டு. ஏன்?

பாலிசியில் ஐந்து பேர். சாரத்தில் பதினைந்து பேர். விபத்து நடந்ததும் மஸ்டர் ரோலைக் கேட்பார்கள். அங்கே குட்டு வெளிப்படும்.

ஒப்பந்தம் ஆறு மாதம். வேலை எட்டு மாதம் இழுத்தது. பாலிசியை நீட்டிக்க யாரும் நினைக்கவில்லை. ஏழாம் மாதம் விபத்து.

காண்டிராக்டர் வேலையை மேஸ்திரியிடம் விட்டார். மேஸ்திரி இன்னொருவரிடம் விட்டார். பாலிசியில் காண்டிராக்டரின் ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள். விழுந்தவரோ உள் காண்டிராக்டரின் ஆள்.

வேலை நடப்பது இராஜாக்கமங்கலத்தில். பாலிசியில் எழுதியிருப்பது வேறொரு ஊர் விலாசம்.

விபத்து நடந்ததும் கம்பெனிக்குச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, இடிந்ததை எல்லாம் அள்ளிச் சுத்தம் செய்த பிறகு சொன்னார்கள். சர்வேயர் வந்து எதைப் பார்ப்பார்?

இவற்றில் ஒன்றுகூடப் பெரிய குற்றம் அல்ல. எல்லாம் கவனக்குறைவு. ஆனால் அந்தக் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பது விதவையும் பிள்ளைகளும்.

சிறியவர்கள் பிழைக்க வேண்டாமா?

"இத்தனை பாலிசியும் எடுத்தால் மிஞ்சுவது என்ன?" என்று சிறு காண்டிராக்டர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் நல்ல கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் குறைவில்லை. இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சுவருக்கு வெள்ளை அடிக்க வருகிறவரிடம், இருபது கோடி ரூபாய்க் கட்டடத்துக்குக் கேட்கும் பாலிசிகளை எல்லாம் கேட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார். வெளியூர்ப் பெரிய கம்பெனி வரும். அந்தக் கம்பெனி அதே கொத்தனாரைக் குறைந்த கூலிக்குப் பிடித்து வேலை வாங்கும். இதனால் யாருக்கு லாபம்?

ஆகவே வேலைக்குத் தக்கபடி பாலிசி கேட்பதுதான் முறை. தொழிலாளர் நஷ்ட ஈட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டு லட்ச ரூபாய் வேலையிலும் விழுகிறவனின் உயிர் ஒன்றுதான். மற்றவற்றை வேலையின் அளவையும் அபாயத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம். சமையல் காண்டிராக்டரிடம் கட்டடப் பாலிசி கேட்பதில் அர்த்தம் இல்லை. கட்டடக் காண்டிராக்டரிடம் நாணயப் பாலிசி கேட்பதிலும் அர்த்தம் இல்லை.

பிரீமியத்தை மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் விலை போடுகிறவர்கள் மனித உயிரின் பாதுகாப்புக்கும் விலை போட வேண்டாமா? தனி வரி இல்லாவிட்டால் குறைந்த தொகை கேட்பவருக்கே டெண்டர் போகும். குறைந்த தொகை கேட்பதற்கு எளிய வழி இன்ஷூரன்ஸை விட்டுவிடுவதுதான். நேர்மையாகப் பாலிசி எடுத்தவர் தோற்றுப்போவார்.

பாலிசியை எப்போது பார்க்க வேண்டும்? பில் கொடுக்கும்போது அல்ல. முதல் குழி தோண்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். பெயர், இடம், ஆள் எண்ணிக்கை, தேதி ஆகிய நான்கையும் சரிபார்த்த பிறகே வேலை தொடங்க அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை மஸ்டர் ரோலோடு ஒப்பிட வேண்டும். இதற்கு ஒரு குமாஸ்தாவின் அரை மணி நேரம் போதும்.

இன்னொன்றும் செய்யலாம். தொழிலாளிக்குள்ள நஷ்ட ஈட்டு உரிமையை, அவருக்குப் புரியும் மொழியில் எழுதிச் சொல்வது முதலாளியின் கடமை என்று 2017-ல் செய்த சட்டத் திருத்தம் வைத்தது. அந்தக் கருத்தை ஏட்டோடு விடக்கூடாது. பாலிசி எண், கம்பெனியின் பெயர், முடியும் தேதி, விபத்து நேர்ந்தால் யாருக்குப் போன் செய்வது என்பவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வேலைத்தளத்தின் வாசலில் மாட்ட வேண்டும். தமிழில் மாட்டினால் போதாது. இந்தியிலும் வங்காளியிலும் மாட்ட வேண்டும். இன்று குமரி மாவட்டத்துச் சாரங்களில் வடமாநிலத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கேட்க இங்கே யாரும் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள்

குடும்பத்தினரும் சும்மா இருக்கக்கூடாது. வேலைக்குப் போகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்தக் காண்டிராக்டரிடம் வேலை? வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1994 முதல் இந்த வாரியம் இருக்கிறது. அதன் உதவி வேறு, காண்டிராக்டர் கொடுக்க வேண்டிய ஈடு வேறு. ஒன்று கிடைத்ததற்காக மற்றதை விட வேண்டியதில்லை.

பாங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையானவர்கள், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இருபது ரூபாய், இரண்டு வேளை டீச்செலவு. அதையும் விட்டுவிடலாமா?

விபத்து நேர்ந்துவிட்டால் போலீசில் பதிவு செய்து நகல் வாங்க வேண்டும். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். கூலிக்கு ஆதாரமாக ஏதாவது ஒரு காகிதம், ஒரு பாங்கி வரவு, சக தொழிலாளி ஒருவரின் சாட்சி ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தினால் உரிமை கைநழுவிவிடும். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் பொறுப்பு

இன்ஷூரன்ஸ் இருந்தால் சாரத்தை எப்படிக் கட்டினாலும் சரி என்று ஆகாது. கயிறும் கட்டையும் நன்றாக இருக்க வேண்டும். தலைக்குக் கவசம், இடுப்புக்குப் பட்டை இருக்க வேண்டும். போன உயிரைப் பதினைந்து லட்சமும் கொண்டுவராது. ஆனால் உயிர் போன வீட்டில் அடுப்பும் அணைந்துவிடாமல் அது காக்கும்.

பல்கலைக்கழகம் அறிவு வளர்க்கும் இடம். அதன் ஒவ்வொரு சுவரையும் எழுப்பியவர் ஒரு தொழிலாளி. அவர் பிள்ளையும் ஒருநாள் அந்தச் சுவருக்குள் மாணவனாக உட்கார வேண்டும். தகப்பன் சாரத்திலிருந்து விழுந்தான் என்பதற்காக அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோகக்கூடாது.

வேலை கொடுக்கிறவர்கள் முதல் குழிக்கு முன் பாலிசியைக் கேட்கட்டும். காண்டிராக்டர்கள் முழு ஆள் கணக்கையும் எழுதட்டும். தொழிலாளர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இந்த மூன்றும் நடந்தால், சாரம் சரிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை முன்னமே எழுதிவைத்ததாக இருக்கும்.